கோட்டைவாயிற் கல்லும் கூட்டோவின் நூலும்

திருக்கோணமலைப் பிரெடரிக் கோட்டையின் வாயிலிலே, இணைக்கயற் சின்னத்தோடு கூடிய கல்லொன்றிற் சிதைந்த தமிழ்ச் செய்யுளொன்று காணப்படுகின்றது. குளக்கோட்டன் புரிந்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் அழிப்பர் என்பதே அதன் பொருளென்பர். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களாற் கோட்டை எழுப்பியது 1624ஆம் ஆண்டளவிலாகும்.

செய்யுள் துயரத்தை நிலைநிறுத்துகின்றது. ஆயினும், வருவதுரைத்தலாக அமைந்தமையின் குற்றம் விதியின் செயலாகிவிடுகின்றது. விதியை விசாரிப்பார் யார்?

இக்குறையை நிரப்பத் துணைபுரிவது போர்த்துக்கேயர் நூலொன்றே. கோவாவில் ஆவணக் காப்பாளராயிருந்த தியோகோ தோ கூட்டோ (1542–1616), ‘பழகிய போர்வீரன்’ எனப் பொருள்படும் தலைப்பில் உரையாடல் நூலொன்றை இயற்றினார். மூன்றாண்டுப் பதவிக்குள் பொருள் குவிக்க விரையும் தளபதிகளும், இறந்தோர் பெயரிற் பெறப்படும் சம்பளமும், கூலி கிட்டாது வாடும் வீரரும் அதிற் காட்டப்படுகின்றனர். குற்றஞ்சாட்டும் முதிய வீரனையும், முன்னாள் ஆளுநரையும், அரச அதிகாரியையும் ஓரவையில் இருத்தியமையே நூலின் திறம். அது 1790இலேயே லிஸ்பனில் அச்சேறியது.

கோயிலின் அழிவை, அதற்குமுன் மறைந்த கூட்டோவிடம் தேடுதல் தகாது. அவ்வழிவிற்கு மதப்பகையும் போர்த்தேவையும் காரணங்களாம். எனினும், கொடுமைக்குப் பதவியும் ஆணையும் ஆளும் உண்டென்பதை அந்நூல் உணர்த்துகின்றது. கல்லையும் நூலையும் ஒருங்கு பயில்வார்க்கு, ‘பறங்கி’ என்னும் பொதுப்பெயருக்குப் பின்னே ஆணையிட்டவனின் பெயர் புலனாகும். விதியை நோவதினும் அதுவே வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகும்.