அடங்கி ஒலித்த கித்தார்

மலாக்கா மக்களுக்குக் கித்தார் புதிய கருவியன்று. உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் அது தலைமுறைகளாக ஒலித்து வருகிறது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மவர் செவிகளிலோ கோயில் திருவிழாவின் நாதசுரமும் தவிலுமே நிறைந்திருந்தன. அருகருகே வாழ்ந்தும் இவ்விரு இசைகளும் ஒன்றையொன்று செவிமடுத்தது அரிது. எனவே, ஒரு கித்தார்க் கலைஞர் நம் இசையின்முன் அமர்ந்து செவிசாய்த்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு நம் கவனத்திற்குரியதாகிறது.

ஜான் மெக்லாக்லின் ஆங்கிலேயர்; மைல்ஸ் டேவிசின் சோதனை முயற்சிகளில் பங்கேற்றவர். 1971-இல் அவர் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' மின்கித்தாரின் பேரொலியால் உலகப்புகழ் பெற்றது. அப்புகழின் நடுவே அவர் மின்கருவியை ஒதுக்கி, மரக்கித்தாருடன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். உடனிருந்தோர் வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன், தபேலா சாகிர் உசேன். (சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறியார்.) 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துச் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியே அவ்விசைத்தட்டு.

ஒலியைக் குறைத்தது மட்டுமா அடக்கம்? ஜாஸ் கலைஞன் சுரக்கூட்டுகளை அடுக்கி, அவை மாறமாற அவற்றின்மேல் கற்பனை செய்பவன். நம் மனோதர்மமோ ஒரே இராகத்துள் நின்று விரிவது. இங்கே மெக்லாக்லின் தம் கைவந்த சுரக்கூட்டுகளைப் பெரிதும் துறந்துவிட்டார். ஆர்னெட் கோல்மன் 1960-இல் எண்மரைக் கூட்டி 'ஃப்ரீ ஜாஸ்' பதிவு செய்தபோதும் அக்கட்டு அவிழ்ந்தது. ஆனால் ஆரவாரத்தோடு அவிழ்ந்தது. இவரோ காத்திருந்து அவிழ்த்தார். நாதசுரம் ஆலாபனையில் திளைக்கும்போது தவில் அடங்கி, இடையிடையே ஓரிரு சொற்கட்டுகளை மட்டும் உதிர்க்குமே, அத்தகைய காத்திருப்பு அது.

கருவியும் அதற்கேற்ப மாறியது. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கித்தாரின் தட்டையான விரற்பலகை அதற்கு எளிதில் இடந்தருவதில்லை. ஆகவே மெட்டுகளுக்கிடையே பலகையைக் குழிவாகச் செதுக்கினர். வாயின் குறுக்கே ஏழு சுருதித் தந்திகளும் பூட்டப்பட்டன. ஆயினும் கித்தாரின் நாதம் மீட்டியவுடன் தேய்ந்துவிடுகிறது. சங்கரின் வில் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும் இடத்தில் இவர் பத்துச் சுரங்களை வேகமாக உதிர்க்கிறார். 18 நிமிட 'ஜாய்' உருப்படியில் இக்குறை வெளிப்படை. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, ஆனால் அடக்கம் அங்கே கைநழுவிப்போகிறது. அதனை வெற்றியென்று கொள்ள என் மனம் இசையவில்லை.

இசைத்தட்டின் உச்சம், ஐந்து நிமிடமும் நிறையாத 'லோட்டஸ் ஃபீட்' என்பேன். எளிய மெட்டொன்று கித்தாரிலும் வயலினிலும் மெல்ல நடக்கிறது. யாரும் திறம் காட்ட முனையவில்லை. 2014-இல் மறைந்த மாண்டலின் யு. சீனிவாஸ், பிற்காலத்தில் மெக்லாக்லினுடன் இம்மெட்டை வாசித்துள்ளார். அவர் நீட்டிய கமகத்தில், 1975-இன் கித்தார் தொட முயன்று தவறவிட்ட சில சுரங்கள் முழுமையாகக் கேட்கின்றன. 'சக்தி'யைப் புதிதாய்க் கேட்க விழைவோர், 29 நிமிட நெடும்படைப்பை விடுத்து இதிலிருந்தே தொடங்கலாம்.