சிங்கியின் சிலம்பு

திருக்குற்றாலக் குறவஞ்சியின் பிற்பகுதியில் ஒரு விசாரணை நடக்கிறது. குறி சொல்லப் போன சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன் கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பில் அவன் இதுவரை பார்க்காத நகைகள். காலில் கிடப்பது என்ன, அதற்கு மேலே தெரிவது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவளும் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறாள். காலில் கிடக்கும் சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்கிறாள். அவன் நம்புகிறான். இருவரும் கூடுகிறார்கள், நாடகம் முடிகிறது.

வகுப்பறையில் இந்த உரையாடல் நகைச்சுவை என்று சொல்லித் தரப்படுகிறது. நான் இதைக் கூலி பற்றிய உரையாடலாகவே வாசிக்கிறேன். ஒரு பெண் தனியாக ஊர் ஊராக நடந்து, தன் வாக்கை விற்றுச் சம்பாதித்த பொருளுக்குத் தானே சாட்சி சொல்கிறாள். அவள் சொல் செல்லுகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் குறவர் குடிகளிடம் போலீஸ் கேட்டது. அப்போது அந்தச் சொல் செல்லவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகாவது செல்லியதா? காலனிய நீக்கம் என்ற பெரிய சொல்லை இந்தச் சிறிய கேள்வியை வைத்து அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நூலை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்துக்காரர். காலம் 18-ஆம் நூற்றாண்டு. நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். குறத்தியைப் பாடிய புலவருக்கு நிலம் கிடைத்தது. குறத்திக்கு மலையும் கிடைக்கவில்லை என்பது பிந்தைய வரலாறு.

சிங்கி ஓர் இலக்கியப் பாத்திரம். தென்காசி வட்டாரத்தில் வாழ்ந்த குறவர் பெண்களின் வாழ்க்கை அப்படியே இந்த நூலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ்ச் சமூகம் ஒரு குறத்தியின் வாயில் எவற்றையெல்லாம் இயல்பாக வைத்துப் பார்த்தது என்பதற்கு இது ஆவணம். சிங்கி மூன்று உரிமைகளைப் பேசுகிறாள். இந்த மலை எங்கள் மலை என்கிறாள். மற்ற மலைகளையும் உறவுமுறை சொல்லிச் சொந்தம் கொண்டாடுகிறாள். பல நாடுகள் சுற்றி வந்தவள் என்று பெருமைப்படுகிறாள். தன் வாக்குக்குக் கிடைத்த சன்மானம் இது என்று நகையைக் காட்டுகிறாள். மலை, நடை, கூலி. பிரிட்டிஷ் ஆட்சி இந்த மூன்றின் மீதும் கை வைத்தது.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் மலைகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதும் அனுமதி வாங்கிச் செய்யவேண்டிய காரியங்களாயின. அடுத்தது நடை. குறவர்களில் ஒரு பெரும் பிரிவினர் கடற்கரையிலிருந்து உப்பையும் உள்நாட்டிலிருந்து தானியத்தையும் பொதிமாடு, கழுதைகளில் ஏற்றிச் சென்று விற்றவர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்த வணிகத்தை எப்படி அழித்தன என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பிழைப்பைப் பறித்த பிறகு, பிழைப்பில்லாமல் அலைகிறார்கள் என்பதையே குற்றமாக்கினார்கள். வட இந்தியாவில் 1871-இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பதிவேட்டில் பெயர், ரேகை, காவல் நிலையத்தில் ஆஜர், வெளியூர் போக ராதாரிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இந்தச் சட்டத்தை எதிர்த்த பிறமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. உயிரிழந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

மூன்றாவது, கூலி. சென்னை மாகாணப் போலீஸ் அதிகாரி முல்லாலி குற்றச் சாதிகள் குறித்து 1892-இல் எழுதிய நூலிலும், பின்னர் தர்ஸ்டன் தொகுத்த சாதி நூல்களிலும், குறி சொல்லும் குறத்தி வீட்டை நோட்டம் பார்த்து ஆண்களுக்குத் தகவல் தருபவளாக ஆகிறாள். குற்றாலத்தில் வசந்தவல்லியின் கையைப் பிடித்து, அவள் மனதில் இருப்பவர் குற்றாலநாதர் என்று கண்டு சொல்பவள் சிங்கி. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் சொல்லாத ஆசையைப் படிக்கும் அறிவு அது. போலீஸ் நூல் அந்த அறிவை உளவு என்று மாற்றி எழுதியது. இந்த மாற்றத்தோடு நகையும் கூலி என்ற நிலையை இழந்து திருட்டுச் சொத்தாகிறது.

1944-இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. தேசம் தன் பழைய செல்வங்களை மீட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் கைரேகைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மேடைக் குறத்தி சுதந்திரமாக நடந்தாள், சாலைக் குறத்தியின் குடும்பத்துக்குச் சீட்டு தேவைப்பட்டது. குற்றாலத்தில் தங்கி வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. வளர்த்த ரசனை மரபுக்குத் தமிழ் வாசகர்கள் கடன்பட்டிருக்கிறோம். சந்தத்தையும் பாவத்தையும் கேட்க அவர் காதுகளைப் பழக்கினார். ஆனால் ரசனையோடு நின்றுவிடும் வாசிப்பு, பாட்டில் பேசுகிற பெண்ணின் குடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. நம் பாடநூல்கள் மலைவளத்தை மனப்பாடம் செய்ய வைத்து, மலை யார் கைக்குப் போனது என்பதை விட்டுவிட்டதும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

சுதந்திர நாடு என்ன செய்தது? சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தை நீக்கியது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. இது சிறிய சாதனையில்லை. ஆனால் 1948-லேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் சட்டத்திலிருந்து போயிற்று. பதிவேடும் கண்காணிப்பும் வேறு பெயரில் நின்றன. காவலரின் மனதில் இருந்த பட்டியலை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. புதிதாக விடுதலை பெற்ற பல நாடுகளிலும் இதுவே நடந்தது. வேலையின்றித் திரிவதைக் குற்றமாக்கிய ஐரோப்பியச் சட்டங்களை ஆப்பிரிக்க நாடுகள் பல கொடி மாறிய பிறகும் வைத்திருந்தன. அவை மனித உரிமைக்கு முரணானவை என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2020 டிசம்பரில்தான் கருத்துரைத்தது. அரசைக் கைப்பற்றியவர்கள் சந்தேகத்தையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்தேகத்தின் விலை 1993-இல் முதனையில் தெரிந்தது. இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு தேடப்பட்டார். கம்மாபுரம் போலீஸின் பிடியில் உயிரிழந்தார். அவருடைய மனைவி பார்வதியும் தாக்கப்பட்டார். கணவர் எங்கே என்று உயர் நீதிமன்றம் வரை போய்க் கேட்டவர் பார்வதி. காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 13 ஆண்டுகள் ஆயின. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ இந்த வழக்கைத் தழுவியது. படத்தில் குடும்பம் இருளர் குடும்பமாக மாறியது. நகை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்ன குறத்தியின் அடையாளம் திரைக்குள்ளும் வரவில்லை.

2023-இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்தது. தங்கள் பெயரில் ஆபாசம் ஆடப்படுவதை அந்தச் சமூகத்தினரே எதிர்த்தார்கள். இந்த எதிர்ப்பு நியாயமானது என்பேன். ஆனால் கேள்வி கரகாட்ட மேடையோடு நிற்கக் கூடாது. கவிராயரும் பெண்ணுடலை விரிவாக வருணிக்கிறார். சிங்கனும் சிங்கியும் கூடும் இடத்தில் அவளுடைய பேச்சைவிட அவளுடைய உடல்தான் அதிகம் கவனிக்கப்படுகிறது. செவ்வியல் நூல் என்பதற்காக அதற்கு விலக்கு தர வேண்டியதில்லை. குறத்திக்குக் குரல் கொடுத்த அதே நூல் அவளைப் பார்வைப் பொருளாகவும் ஆக்கியது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே நேர்மை.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாட்டை அரசமைப்புக்கு முரண் என்றது. சீர்மரபினரைப் பிறப்பாலேயே வழக்கமான குற்றவாளிகளாகக் கருதிய சிறை விதிகளும் அதில் அடிபட்டன. அதாவது, 1952-இல் நீங்கியதாகச் சொல்லப்பட்ட சட்டத்தின் மிச்சத்தை அகற்ற இன்னும் 72 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இன்று தமிழ்நாட்டில் குறவர் பிரிவுகளில் சில பட்டியல் சாதியிலும் சில சீர்மரபினர் பட்டியலிலும் கிடக்கின்றன. சீர்மரபினர் பட்டியலில் ஒரு பெயர் சேலம் உப்புக் குறவர். சேலத்து நாட்டில் பெற்ற சிலம்பைச் சிங்கி காட்டும் இடத்தை அடுத்த முறை வகுப்பில் நடத்தும்போது, இந்தப் பெயரையும் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். மாணவிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: சிங்கன் நம்பியதைச் சுதந்திர நாடு ஏன் நம்பவில்லை?