'ஸ்கேம் 1992': தோற்றவர் எங்கே?

2020இல் வந்த 'ஸ்கேம் 1992' தொடரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்வது, "மனுஷன் கெட்டிக்காரன், பெரிய ஆளுங்க தப்பிச்சிட்டாங்க, இவர் மாட்டிக்கிட்டார்." சிலருக்கோ மோசடிக்காரரை நாயகனாக்கிட்டாங்களே என்ற கோபம்.

சுசேதா தலாலும் தேபாஷிஷ் பாசுவும் எழுதிய மூல நூலின் துணைத்தலைப்பில் மூன்று கேள்விகள் உண்டு: யார் வென்றார், யார் தோற்றார், யார் தப்பினார்? இயக்குநர் ஹன்சல் மேத்தா முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் தாராளமாக நேரம் தருகிறார். பிரதிக் காந்தியின் அந்தச் சிரிப்பும், அசிந்த் தக்கரின் முகப்பிசையும் சேர்ந்தால் யாருக்குத்தான் ஹர்ஷத் மேத்தாவைப் பிடிக்காது?

ஆனால் அவர் செய்தது என்ன? வங்கிகள் தங்களுக்குள் அரசாங்கப் பத்திரங்களை வாங்கி விற்கும்போது தரகராக நடுவில் நின்றார். பத்திரத்துக்குப் பதிலாகக் கைமாறும் வங்கி ரசீதுகளைக் காட்டி, வங்கிப் பணத்தைப் பங்குச் சந்தைக்குத் திருப்பினார். ஏசிசி சிமெண்ட் பங்கு 200 ரூபாயிலிருந்து 9,000 வரை ஏறியது இப்படித்தான். இதை மட்டும் தொடர் நல்லா புரிய வைக்குது. பொருளாதாரம் படிக்காத என்னைப் போன்றவர்களுக்கும்தான்!

அந்தப் பங்கை உச்ச விலையில் வாங்கியவர் வீட்டுக்குள் கேமரா அதிக நேரம் நிற்பதில்லை. அதனால்தான் பார்வையாளரின் பரிதாபமும் ஹர்ஷத்துக்கே போகிறது.

மாணவர்களே, கருத்துரையில் "எனக்குப் பிடித்தது" என்று மட்டும் எழுதாதீங்க. எந்தக் காட்சி உங்களை அப்படி நினைக்க வைத்தது, அதில் யார் இல்லை என்பதையும் எழுதுங்க.