முதல் பெஞ்சு யாருக்கு?

கத்தோலிக்க ஆண்கள் பள்ளியின் ‘சமயப் பாரம்பரியம்’ என்றதும் எல்லோரும் சிற்றாலயத்தையும் மாதா கெபியையும் மறைக்கல்வி வகுப்பையும்தான் பார்க்கிறார்கள். இந்து வீட்டுப் பையன்களை மதம் மாத்துறாங்களா இல்லையா என்கிற பழைய சண்டையும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. ரேங்க் அட்டை, மதிப்பெண் பதிவேடு, யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்கிற ஏற்பாடு ஆகியவற்றை ஒரு மதப் பிரதியாக வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம். சேசு சபையாரை முன்வைத்து இதைப் பேசலாம். பள்ளி நடத்துவதை விதி விதியாக எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

1548இல் சிசிலியின் மெசினா நகரில் வெளி மாணவர்களுக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப் பின் 1599இல் ‘ராசியோ ஸ்தூதியோரும்’ என்ற கல்வித் திட்டம் வெளிவந்தது. ஏழை என்றோ தாழ்ந்த குடியில் பிறந்தவன் என்றோ எவனையும் சேர்க்காமல் விடக்கூடாது என்கிறது அதன் ஒரு விதி. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். கட்டணமும் கிடையாது, மானியத்தில் நடந்த பள்ளிகள். (கட்டணம் வாங்குவது 19ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கம்.) ஆனால் அதே ஆவணத்தில் இன்னொரு விதியும் உண்டு: இடம் ஒதுக்கும்போது பிரபுக் குடும்பத்துப் பையன்களுக்கு வசதியான பெஞ்சுகளைத் தர வேண்டும். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெஞ்சுக்கு மட்டும் பிறப்பு பார்க்கப்படுகிறது. இதில் முரண் இருப்பதாக எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

வகுப்பு பத்துப் பத்துப் பேராகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தலைவன், ஒவ்வொரு பையனுக்கும் ஒரு எதிராளி. ஒரு பாதி ரோமாபுரி, மறு பாதி கார்த்தேஜ். ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலையின் வரலாற்றில் இந்த வகுப்பறை வருவது தற்செயல் அல்ல. அடிக்கிற வேலைக்குச் சபையைச் சேராத ஒரு ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னது ராசியோ. குருவின் கை பிரம்பைத் தொடாது.

இந்த எண்ணும் பழக்கத்தின் வேர் செபத்தில் இருக்கிறது. மெசினா பள்ளி தொடங்கிய அதே 1548இல் அச்சான இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு கோட்டு அட்டவணை உண்டு. நீக்க விரும்பும் ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, அதில் விழும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மதியம் ஒரு கணக்கு, இரவு ஒரு கணக்கு. பிறகு நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும். அங்கே ஒருவன் தன்னோடு மட்டுமே தன்னை அளந்துகொள்கிறான். பள்ளியிலோ அந்தப் புள்ளி மதிப்பெண்ணாகி, பக்கத்துப் பையனோடு ஒப்பிடும் கருவியாகிறது. ஆன்ம சோதனை போட்டித் தேர்வாக உருமாறிய இந்த இடத்தைத்தான் பள்ளிகளின் நூற்றாண்டு மலர்கள் தாண்டிப் போய்விடுகின்றன.

தமிழகத்தில் ‘பக்கத்துப் பையன்’ என்பவன் வெறும் பையனாக இருக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டு மதுரை மிஷனிலேயே மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்ச்சாதிகளுக்குப் பண்டாரசாமி என்று பிரித்தவர்கள் இவர்கள். நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம், எந்தச் சபை என்பதும் வேண்டாம்) மாதத் தேர்வு முடிந்ததும் ரேங்க்படி உட்கார வைப்பார்கள். சேரியிலிருந்து வந்து போர்டிங்கில் தங்கியிருந்த பையன்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு பெஞ்சில். ஃபாதர் ஒருநாளும் யாரிடமும் சாதி கேட்டதில்லை. மார்க்கே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

இந்தப் பள்ளிகள் இல்லையென்றால் எத்தனையோ தலித் பையன்களுக்கு எழுத்தே கிடைத்திருக்காது என்பார்கள். உண்மைதான். நன்றி சொல்லிக்கொண்டே பெஞ்சைப் பற்றியும் கேட்கலாம். சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1973இல் வலென்சியாவில் ஐரோப்பிய முன்னாள் மாணவர்கள் முன் இதைத்தானே கேட்டார்? உங்களை நீதிக்காக வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. ‘பிறருக்கான மனிதர்கள்’ என்ற சொற்றொடர் அந்த உரையிலிருந்து வந்து இன்று பள்ளி மலர்களில் அலங்காரமாக நிற்கிறது. எதிராளியை முந்தப் பழக்கிய வகுப்பறையிலிருந்து பிறருக்கான மனிதன் எப்படி வெளியே வருவான்?

பாமாவின் ‘கருக்கு’ (1992), ஏழைப் பிள்ளைகளுக்காகக் கன்னியர் மடம் புகுந்தவர் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியில் சிக்கிக்கொண்டதைச் சொல்கிறது. அதை வெளியிட்டது சேசு சபையாரின் மதுரை ‘ஐடியாஸ்’ மையம். சபைக்குள்ளேயே வேறு குரல் இருந்ததற்கு இது சாட்சி. ஆண் பிள்ளைகளின் பக்கத்தை ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் (2002) எழுதினார். அதில் அழுகை குறைவு, எள்ளல் அதிகம். விதிகளுக்குப் பயந்த பையனே அந்த விதிகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான். புகார் மனுவை விட நிர்வாகத்தை அதிகம் சங்கடப்படுத்துவது இந்தச் சிரிப்பு.

பள்ளி அலுவலக அலமாரிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். அவற்றில் சாதிக்கென்று ஒரு பத்தியும் இருக்கும். அதை மதிப்பெண் பதிவேட்டோடு சேர்த்து, ஆண்டு ஆண்டாக வைத்துப் படிக்கிற வேலையைச் சபைக்குள் இருப்பவர்களே தொடங்கலாம். புள்ளி வைத்து எண்ணுவது அவர்களுக்குப் புதிதில்லையே.