மேடைக்கு அடியில்

இசை விமர்சனம் எழுதுவோர் பாடகரின் குரலை எடைபோடுவர். பக்கவாத்தியத்தைக் குறை கூறுவர். அவர்கள் அமர்ந்த பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு நியூயார்க்கின் கார்னகி அரங்கமே சான்று.

1891இல் திறக்கப்பட்ட அவ்வரங்கம் ஒலிநயத்துக்குப் பேர்பெற்றது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1977இல் பாடியதும் அங்கேதான். 1986இல் அதனை ஏறத்தாழ ஏழு மாதங்கள் மூடிப் புதுப்பித்தனர். மீண்டும் திறந்தபோது அரங்கம் பொலிவுற்றிருந்தது, ஓசையோ மாறியிருந்தது. கீழ்ச்சுரங்கள் மெலிந்தன, மேற்சுரங்கள் கூர்மையாய்க் குத்தின என்று இசைஞரும் விமர்சகரும் முறையிட்டனர். மேடைக்கு அடியில் கான்கிரீட் இட்டுவிட்டார்கள் என்ற பேச்சும் எழுந்தது. நிர்வாகத்தினர் மறுத்தனர்.

1995இல் மேடைப் பலகைகள் கோணியதால் அவற்றைப் பெயர்த்தார்கள். அடியில் கான்கிரீட் கிடந்தது!

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கான்கிரீட்டை உருளையாக வார்த்து, 28 நாள் பதப்படுத்தி, நசுக்கி வலிமை காண்பது கட்டடத் துறையின் வழக்கம். மேடைக்கு அடியில் கிடந்ததையும் அவ்வாறு சோதித்திருந்தால் ஒருவேளை முழு மதிப்பெண் பெற்றிருக்கும். குற்றம் அதன் வலிமையில் இல்லை. பலகையும் அதன்கீழுள்ள வெற்றிடமும் சேர்ந்து அதிர்ந்தால்தான் பெரிய பிடில்களின் தாழ்ந்த நாதம் அவைக்கு எட்டும். அந்த அதிர்வை இறுகிய கல் முடக்கிவிடுகிறது. தாங்குமா என்று மட்டும் கேட்கும் சோதனைக்கு இது புலப்படாது. அதைக் கண்டவை காதுகளே. ஒன்பது ஆண்டுகள் அச்சாட்சியம் வெறும் முணுமுணுப்பாகத் தள்ளப்பட்டது. ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? 1960இல் இடிக்கப்படவிருந்த அரங்கத்தைப் போராடிக் காத்த ஐசக் ஸ்டெர்ன் போன்ற வயலின் மேதை தலைமை வகித்த இடத்திலேயே இவ்வாறு நேர்ந்தது என்பதுதான் நம்மை வருத்துகிறது.

கான்கிரீட் அகற்றப்பட்டது. பிறகு அதே கட்டடத்தின் கீழே பாறையைக் குடைந்து சான்கெல் அரங்கம் என்னும் புதிய அவையை அமைத்து 2003இல் திறந்தனர். குடையும் வேலை கீழே நடக்கையில் மேலே கச்சேரிகளும் நடந்தன; ஆகவே இரைச்சலையும் அதிர்வையும் ஓயாது கண்காணிக்க வேண்டியிருந்தது. மிக அருகில் சுரங்க ரயில் ஓடுகிறது. மென்மையான இடங்களில் அதன் உறுமல் இன்றும் மெல்லக் கேட்பதுண்டு. விமர்சகர்கள் அதையும் எழுதுகிறார்கள்.