சிங்கத்துக்குப் பெயர் உண்டு

ஆப்பிரிக்க சஃபாரி லாட்ஜ்களில் தங்கித் திரும்பியவர்கள் தமிழில் எழுதிய பயணக் கட்டுரைகளை அண்மையில் வரிசையாக வாசித்தேன். பெரும்பாலும் ஒரே அச்சு. விடிகாலை ஜீப், குளிருக்குப் போர்வை, மரக்கிளையில் சிறுத்தை, திரும்பி வந்ததும் வராந்தாவில் காப்பி. மொழியில் குறையில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்களில், வண்டியின் முன்மூக்கில் தனி இருக்கை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். தடம் பார்ப்பவர். மண்ணில் பதிந்த காலடியை வைத்து விலங்கு எந்தப் பக்கம் போச்சு, எவ்வளவு நேரமாச்சு என்று சொல்பவர் அவர்தான். கட்டுரைகளில் அவர் வெறும் 'உள்ளூர்க்காரர்'. அதே காட்டை ஆண்ட ஆறு சிங்கங்களுக்கு மட்டும் 'மபோகோ' என்ற பெயரும் வீரக்கதையும் கிடைத்துவிடுகின்றன.

இந்தப் பார்வை நமக்குப் புதிதில்லை. ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயா வந்து, சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டார். தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேஸி' நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. காட்டையும் மழையையும் அருமையாக எழுதியவர். மலாய் பந்துன்களை ஆசையோடு கையாண்டவர். பங்களா வேலைக்காரர்களான ஙாவுக்கும் ஸ்மாயிலுக்கும் அவர் பெயரும் மனமும் கொடுத்தார். தமிழர்களோ பெரும்பாலும் கூட்டம்தான். துரை வராந்தாவிலிருந்து பார்த்தால் லயம் அப்படித்தான் தெரியும். 1917இல் அவர் தொடங்கிய, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்துக்குப் பெயர் 'தென்னமரம்'. பெயரில் நம்ம மொழி இருக்கு. மரம் நட்டவங்க பெயர் எங்கே?

அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருந்துகொண்டு எழுதுகிறோம். நாமும் அதே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினால் எப்படி?

'மனிதக் கால் படாத காடு' என்ற வரி இக்கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. குரூகர் பூங்காவின் வடகோடியான பஃபூரியிலிருந்து மகுலேகே மக்களை நிறவெறி அரசு 1969இல் வலுக்கட்டாயமாக வெளியேற்றியது. 1998இல் நிலம் அவர்களிடமே திரும்பியது. அவர்கள் அங்கே மறுபடி வீடு கட்டவில்லை. காட்டைக் காடாகவே விட்டு, லாட்ஜ் நடத்துபவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அங்கே விருந்தாளி தங்குவது இன்னொருவரின் ஊரில். 'தோட்டத்தை வித்துட்டாங்க, வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புரியாத கதையா?

'சுற்றுலா போனவனிடம் வரலாறு கேட்கலாமா' என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் கேட்பது குற்ற உணர்ச்சியோ வரலாற்றுப் பாடமோ இல்லை. இது எழுத்துக் கலை சார்ந்த குறை. சிறுத்தை தென்பட்ட கணத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வாசிப்பை யாரும் எழுதுவதில்லை. ஒடிந்த புல், ஈரம் காயாத சாணம், திடீரென்று கத்தும் குரங்கு ஆகியவற்றிலிருந்து ஒருவர் ஒரு முடிவுக்கு வருகிறார். கட்டுரையில் நடந்திருக்க வேண்டிய நாடகம் அதுதான். அவரைப் பெயரில்லாமல் விட்டதும் மிஞ்சுவது லாட்ஜ் விளம்பரத்திலும் கிடைக்கும் வர்ணனை.

அடுத்து எழுதப்போகிறவர் முன்னிருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கட்டும். தடம் பார்க்க யாரிடம் கற்றார், அவருடைய ஊர் முன்பு எங்கே இருந்தது என்று கேட்கட்டும். அந்தக் கட்டுரையில் சிங்கம் வராமல் போனாலும் நான் வாசிப்பேன்.