விடுபட்ட பூஜ்யங்கள்

பிரிண்டட் சர்க்யூட் போர்டு ஒன்றைச் செய்யக் கொடுப்பதற்கு முந்திய இரவில், செப்புக் கோடுகளின் படங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, துளைகளின் கணக்கை மாத்திரம் தாங்கியிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக வாசிப்பதில் எனக்கு உண்டாகும் ஆனந்தம், பழைய ஏட்டுச் சுவடியைப் பாடபேதம் பார்த்து வாசிப்பவருடைய ஆனந்தத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ பேதம் இராது. வாசிக்கிறவர்தான் பொருளறிந்து அவற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். துளைக் கோப்பில் அவ்வாறு விடுபட்டிருப்பவை பூஜ்யங்கள்.

எக்ஸெலான் என்ற அமெரிக்கக் கம்பெனியின் துளையிடும் இயந்திரங்களுக்காக ஏற்பட்டது அந்தக் கோப்பின் பாஷை. காகித நாடாவில் துளையிட்டுக் கட்டளைகளை எழுதிய காலத்தில், நாடாவின் நீளத்தை மிச்சப்படுத்துவதற்காக, எண்ணின் முன்னாலோ பின்னாலோ வரும் பூஜ்யங்களை விட்டுவிடும் சிக்கனம் வழக்கத்துக்கு வந்தது. தசமப் புள்ளியையும் எழுதாமல் விடுவதுண்டு. ஆகவே மில்லிமீட்டரில், புள்ளிக்கு முன் மூன்று இலக்கமும் பின் மூன்று இலக்கமும் என்று கொண்ட கோப்பில் 0254 என்று நின்றால், பின்பூஜ்யங்கள் விடுபட்டவை என்று வாசிப்பவருக்கு அது 25.4, முன்பூஜ்யங்கள் விடுபட்டவை என்று வாசிப்பவருக்கோ 0.254. எந்த வாசிப்பு சரியென்று தலைப்பிலுள்ள 'எல்இசட்', 'டிஇசட்' என்ற குறிகள் சொல்லும். இதில் ஒரு விபரீதமும் உண்டு: இங்கே 'எல்' என்பது முன்பூஜ்யங்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் குறிக்க, செப்புப் படங்களைத் தாங்கிக் கூடவே போகும் கெர்பர் கோப்பிலோ அதே எழுத்து அவை விடப்பட்டிருக்கின்றன என்பதைக் குறிக்கிறது.

கெர்ப்வி போன்ற ஒரு பார்வை மென்பொருளில் செப்புப் படத்தின் மேல் துளைகளை ஏற்றிப் பார்க்கும்போது, பிழையின் ஜாதி அதன் உருவத்திலேயே பிரத்யட்சமாகிவிடும். எல்லாத் துளைகளும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் தொடக்கப் புள்ளி மாறியிருக்கிறது. ஒரே விகிதத்தில் சுருங்கியோ விரிந்தோ கிடந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்துவிட்டன. பூஜ்யப் பிழையின் லட்சணமே வேறு: ஆறு இலக்கமும் முழுதாக எழுதப்பட்ட துளைகள் தம் ஸ்தானத்தில் சரியாக நிற்க, பூஜ்யங்கள் விடுபட்ட பாவப்பட்ட துளைகள் மட்டும் ஓரத்துக்கு ஓடிப் போயிருக்கும். சில சரி, சில தப்பு என்ற அந்தக் கோலத்தைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் இந்த வித்தையின் மிக உயர்ந்த சுகம்.

ஸ்தானம் சரியாயிருந்தும் அளவு தவறலாம். முன்பொருமுறை நான் எல்லாத் துளைகளுக்கும் 0.8 மில்லிமீட்டரே போதுமென்று விட்டுவிட்டேன், ஐ.சி.யின் கால்கள் சுகமாக இறங்கின, ஆனால் 0.64 மில்லிமீட்டர் சதுரமான ஹெடர் பின், மூலைக்கு மூலை 0.9 ஆகிறபடியால், ஒன்றுகூட நுழையவில்லை. அதற்கு 1.0 வேண்டும். துளையின் சுவரில் படியும் செப்பும் விட்டத்தைச் சிறிது குறைக்கும். ஆதலால் எழுதிய அளவு டிரில் பிட்டினுடையதா, செப்புப் படிந்து முடிந்த துளையினுடையதா என்பதை ஆர்டரில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருகாணிக்கான, செப்புப் பூசாத துளைகள் தனிக் கோப்பில் இருப்பது உத்தமம்.

கண்ட பிழையைக் கோப்பிலேயே கையால் திருத்திவிடும் ஆசை எழும். அதற்கு இடங்கொடாமல் மூல வரைபடத்தில் திருத்தி, கோப்பைப் புதிதாக எழுதச் செய்து, மறுபடி முதலிலிருந்து பார்ப்பதே முறை. கையால் செய்த திருத்தம் அடுத்த முறை கோப்பை எழுதும்போது அழிந்துபோகும்.

அன்பர்களே, ஆர்டர் கொடுக்குமுன் தலைப்பை ஒரு தடவை வாசியுங்கள்; போர்டின் ஒரு மூலைத் துளையையாவது பென்சிலால் கணக்கிட்டு, படத்தில் அது பேடின், அதாவது செப்புத் திட்டின், நடுவில் நிற்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.